என் நோயை இவர் சொன்னார்

"பாய் சம்சாரம் எங்கம்மா இருக்காங்க? பொண்ணோட அம்மா. ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கெளம்பறேன்."

பல்லாவரத்தில் ஒரு கல்யாண மண்டபம். எங்கள் மகள் தஸ்லீமுக்கு நிக்காஹ் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. சமையல்கட்டு வாசலை ஒட்டி, கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இன்னொரு நாற்காலி, அதன்மேல் என் கால்கள் இரண்டும். வாங்கிய புதுச் செருப்பு காலில் நுழையவில்லை. பட்டு கனக்கிறது என்று நிக்காஹ் முடிந்ததுமே நூல்புடவைக்கு மாறியிருந்தேன். "அந்தக் கோடிக்கு தால்ச்சா போகலை பாருங்கப்பா" என்று பரிமாறுகிறவர்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கேள்வி.

கேட்டவரின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடிக்கொண்டே கேட்டார்.

அவர் எங்கள் குடும்ப டாக்டர். பத்துப் பன்னிரண்டு வருஷமாக எனக்கு வைத்தியம் பார்ப்பவர்.

பொண்ணோட அம்மா நான்தான்.

அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். அவர் எங்களுக்கு டாக்டரான கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இது ஒரு கெட்ட டாக்டரின் கதை என்று நினைத்துவிடுவீர்கள். இது ஒரு நல்ல டாக்டரின் கதை. கசப்பே அதில்தான் இருக்கிறது.

சூடு பண்ணிய ஸ்டெதாஸ்கோப்

அனகாபுத்தூருக்குக் குடிவந்த புதிது. ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சந்து. ஆட்டோ உள்ளே வந்தால் திரும்ப முடியாது, பின்னாலேயே போக வேண்டும். மகன் இர்ஃபான் அப்போது தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை. காய்ச்சல் கொஞ்சம் ஏறினாலே கண் செருகிவிடும்.

எங்கள் பக்கத்தில் டாக்டரைத் தேர்ந்தெடுக்கிற முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்ன படித்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. "கைராசி எப்படி?" என்றுதான் கேட்பார்கள். சந்தில் ஆளுக்கு ஒரு கைராசிக்காரர் இருந்தார். ஒருத்தி திருநீர்மலைப் பக்கம் போ என்றாள், இன்னொருத்தி குரோம்பேட்டைக்குப் போ என்றாள். போனேன். ஒருவர் பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஊசியைக் கையில் எடுத்தார். இன்னொருவர் கடைசிவரை தலையையே நிமிர்த்தவில்லை. பேனாவுக்குத்தான் வைத்தியம் பார்த்தார்.

எதிர்வீட்டு தேவி அக்காதான் பம்மல் மெயின் ரோட்டு டாக்டரைக் காட்டியது. தேவி அக்கா வாயைத் திறந்தால் பழமொழி. தெரிந்த பழமொழி தீர்ந்துபோனால் அங்கேயே புதிதாக ஒன்று செய்துவிடும்.

"டாக்டரும் டைலரும் ஒண்ணுதான்டீ. ஒர்த்தன் கையில அளவு குட்த்துட்டா அப்பால மாத்தக்கூடாது. மாத்திகினே இருந்தா எந்தச் சட்டையும் ஒயுங்கா நிக்காது."

போனோம். அந்த டாக்டர் பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தவர் அதைப் பிள்ளையின் நெஞ்சில் உடனே வைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்துச் சூடு பண்ணினார். அப்புறம்தான் வைத்தார். "சில்லுனு வெச்சா அழுவான்ல?" என்றார்.

அந்தத் தேய்ப்பில் நான் விழுந்துவிட்டேன். பிள்ளை அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

அப்புறம் வெள்ளம் வந்தது. அடையாறு எங்கள் சந்துக்குள் புகுந்து, சுவரில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக் கோடு போட்டுவிட்டுப் போன வருஷம். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். அவரை யாரும் கூப்பிடவில்லை. பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தலையில் ஒரு பை மாத்திரையுடன் தண்ணீரில் நடந்து வந்தார். எங்களுக்கு மட்டுமல்ல, அங்கிருந்த அத்தனை பேருக்கும் பார்த்தார். அப்படிப்பட்ட மனிதரை யார் விடுவார்கள்?

ஒயர்க் கட்டின் மேல் ஒரு டாக்டர்

எங்கள் வீட்டுக்காரர் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். கடை, டாக்டரின் கிளினிக்குக்கு நேர் எதிரே. கிளினிக்கில் ஃபேன் நின்றால் இவர் ஓடுவார், இன்வெர்ட்டர் கத்தினால் இவர் ஓடுவார். அந்தப் பக்கம் கூட்டம் குறைந்தால் டாக்டர் ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வருவார். சுருட்டி வைத்த ஒயர்க் கட்டின் மேல் உட்கார்ந்துகொள்வார். ரெண்டு டீ வரும். கிரிக்கெட், அரசியல், மெட்ரோ எங்கே வரும், மனை விலை எங்கே ஏறும் என்று பேச்சு ஓடும். டீ முடிகிற நேரத்தில் எழுந்துகொண்டே கேட்பார்:

"அப்புறம் பாய், வீட்ல எல்லாரும் எப்படி?"

எனக்கு நடந்த வைத்தியம் அந்தக் கேள்விதான்.

"வீட்ல கொஞ்சம் கால் வலின்னு சொல்றாங்க டாக்டர்."

"நின்னுக்கிட்டே வேலை செய்றாங்கல்ல, இருக்கும். ஒரு மாத்திரை எழுதறேன், வலிச்சா போடச் சொல்லுங்க."

இரவு கடைச் சாவி, மல்லிகைப்பூப் பொட்டலம், மாத்திரை அட்டை மூன்றும் ஒரே கையில் வீட்டுக்கு வரும்.

ஊரில் மற்றவர்கள் டோக்கன் எடுத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருப்பார்கள். எங்களுக்கு வரிசை கிடையாது. சந்துப் பெண்களுக்கு இதில் ஏக்கம், இவருக்கு இதில் தனிப் பெருமை. "நம்ம வீட்டுக்கு டாக்டர்கிட்ட போற வேலையே இல்ல. வார்த்தை போனா போதும்" என்பார். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. எத்தனையோ வீடுகளில் புருஷன் போய்ச் சொல்லுவான், பெண்டாட்டி மாத்திரை முழுங்குவாள். டாக்டர் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு நோயாளி போகத் தேவையில்லை என்று ஒரு கணக்கு. சொந்தக்காரர் வீட்டுக்குப் பத்திரிகை கொடுத்து அனுப்புவது மாதிரி நோயையும் கொடுத்து அனுப்புகிறோம்.

நான் மாவு அரைத்து விற்கிறவள். இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் கிரைண்டர்களைப் பெயர் பெயராகத் தெரியும். விடியலில் ஈரத் தரையில் நின்றால் பகல் வரை நிற்க வேண்டும். பிறகு மோபெட்டில் இரண்டு பக்கமும் பக்கெட்டைத் தொங்கவிட்டு வீடு வீடாகப் போக வேண்டும். கால் வலிக்காமல் என்ன செய்யும்? அதனால் அந்த மாத்திரை எனக்குப் பிடித்துப்போயிற்று. போட்டால் அரை மணியில் கால் என் காலாகிவிடும். வலித்தால் போடு என்றார் டாக்டர். எனக்குத் தினமும் வலித்தது, தினமும் போட்டேன். தீர்ந்தால் இவர் மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டி வாங்கி வருவார். "நம்ம டாக்டர் எழுதினதுதான்" என்றால் மெடிக்கல்காரரும் மறு கேள்வி கேட்க மாட்டார்.

தினம் போடுகிறேன் என்று டாக்டருக்குத் தெரியாது. தினம் போடக்கூடாது என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் இருந்தவருக்கு இரண்டுமே தெரியாது.

நாலு பேர் இருந்தாங்க

பிறகு உடம்பில் வேறு விதமாக ஏதோ ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே பை மாதிரி தொங்கும். சாயங்காலம் மெட்டி விரலைக் கடிக்கும். மோபெட்டைத் தள்ளினால் மூச்சு வாங்கியது.

"இன்னாடி மூஞ்சி இது, ராவெல்லாம் ஊறப்போட்ட உளுந்தாட்டம் உப்பிக்கீது?" என்றது தேவி அக்கா, மாவுக்குப் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே. "டாக்டராண்ட போனியா?"

"எங்க வீட்டுக்காரர் டாக்டர்கிட்ட சொல்லியிருக்காருக்கா."

"அவுரு சொன்னா? உம் மூஞ்சிய அவுரு கயட்டி எட்த்துகினு போனாரா?"

சந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"கால் வலின்னு சொன்னேன். சத்துக் குறைச்சலா இருக்கும்னு ஒரு டானிக் எழுதியிருக்கார்."

"மூஞ்சி வீங்குதுன்னு?"

"அதுவும் வலிலதானே சேரும்?"

"வீக்கம் எப்படிங்க வலில சேரும்? சரி, நான் அன்னைக்கு இன்னொண்ணு சொன்னேனே?"

தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். நான் சொன்னது, ஒன்றுக்குப் போனால் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைக்கிறது என்பதை. அதை இவரிடம் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது. இருட்டில், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"அதையெல்லாம் எப்படிச் சொல்றது ஜரீனா? கடையில நாலு பேர் இருந்தாங்க."

"நாலு பேர் இல்லாதப்போ சொல்லுங்க."

"டாக்டர்கிட்டயே எப்படிச் சொல்றது? கூடப் பொறந்தவன் மாதிரி பழகறவர். அவர்கிட்டப் போயி, எம் பொண்டாட்டி ஒண்ணுக்குப் போனா..." காது சிவந்துபோயிற்று. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

இவரைக் குறை சொல்ல எனக்கு வார்த்தை இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத டாக்டராக இருந்தால் இவர் சொல்லியிருப்பார். கூடப் பிறந்தவர் ஆக்கிக்கொண்டதால் சொல்ல முடியவில்லை. அழுகிற பிள்ளைக்குப் பால் என்பார்கள். எனக்காக அழ வேண்டியவர் கூச்சப்பட்டுக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்தார்.

"நானே போறேன்" என்று ஒருநாள் கிளம்பினேன்.

"எதுக்கு? என்னை நம்பாம நீ தனியாப் போற மாதிரி ஆகாதா? அவர் என்ன நெனப்பார்?" என்றார். அதற்குள் கல்யாண வேலை வந்துவிட்டது. பத்திரிகை, புடவை, மண்டபம், சமையல்காரர் என்று நாள் ஓடியது. ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவள் இரண்டு போட ஆரம்பித்தேன்.

கட்டைவிரல்

மண்டபத்துக்கு வருவோம்.

"பாய் சம்சாரம் எங்கம்மா?" என்று கேட்டாரே, நான் உடனே வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் கூசிப்போவாரே என்று யோசித்தேன். பாருங்கள், அந்த நேரத்திலும் மரியாதை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடிய காலத்தில் என்னைப் பார்த்திருக்கிறார்தான். ஆனால் அப்போது அவர் கண் பிள்ளைமேல்தான் இருந்தது. அதற்கப்புறம் நான் போகவே இல்லையே.

நான் யோசித்த அந்த நேரத்தில் அவர் பார்வை கீழே இறங்கிவிட்டது. நாற்காலிமேல் நீட்டியிருந்த என் கால்களில் நின்றது. முகம் மாறியது. கல்யாணத்துக்கு வந்தவரின் முகம் போய், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்ட அந்த முகம் வந்தது.

"ஒரு நிமிஷம்மா" என்று குந்தி உட்கார்ந்தார். கட்டைவிரலை என் கணுக்காலுக்கு மேல் வைத்து அழுத்தினார். விரலை எடுத்தார். குழி அப்படியே இருந்தது, புளித்த மாவில் விரல் வைத்த மாதிரி.

"எத்தனை நாளா இப்படி?"

"ரொம்ப நாளா."

"காலைல முகம் வீங்குதா? படுத்தா மூச்சு முட்டுதா? யூரின் நுரையாப் போகுதா?"

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். இத்தனை வருஷம் எங்கள் வீட்டுக்காரர் வாயில் ஏறாத கேள்வி பதிலெல்லாம், பின்னால் ஒருவர் வெற்றிலைச்சாறு துப்பிக்கொண்டிருந்த அந்த இடத்தில் வரிசையாக வந்தது.

"வலிக்கு ஏதாவது மாத்திரை போடறீங்களா?"

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார்.

"இதை எப்பப் போடுவீங்க?"

"தினமும்."

"தினமுமா? எத்தனை வருஷமா? யாரும்மா இதை எழுதிக் குடுத்தது? உங்களை நேர்ல பாத்துட்டா குடுத்தான் அந்த ஆளு? பிரஷர் பாத்தானா? ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தானா? ஆளைக் கொல்றதுக்குன்னே ஒருத்தன் கிளினிக் தொறந்து வெச்சிருக்கான்!"

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். கை கழுவ வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக அவ்வளவு கோபப்பட அந்த மனிதரால் முடிந்தது. அதனால்தான் சொன்னேன், நல்ல டாக்டர்.

"சொல்லும்மா, யாரு உன் டாக்டர்?"

அந்த நேரம் பார்த்து மேடைப் பக்கமிருந்து எங்கள் வீட்டுக்காரர், மாலையும் அத்தருமாக வேகவேகமாக வந்தார்.

"டாக்டர் சார்! இங்கயா இருக்கீங்க? சாப்டீங்களா, பிரியாணி எப்படி? அட, ஜரீனாவைப் பாத்துட்டீங்களா! நான்தான் அறிமுகப்படுத்தணும்னு தேடிக்கிட்டு இருந்தேன். இவங்கதான் நம்ம வீட்டம்மா!"

டாக்டர் எழுந்திருக்கவில்லை. அவர் கட்டைவிரல் மாத்திரை அட்டையிலேயே இருந்தது. உள்ளே பெரிய அண்டாவைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. இவர் மட்டும் சிரித்துக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மரியாதை

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரே கூட வந்து, சிறுநீரகம் பார்க்கிற ஸ்பெஷலிஸ்டிடம் பேசி, எல்லா டெஸ்டும் எடுக்க வைத்தார். கிரியாட்டினின் என்ற வார்த்தையை அன்றுதான் கற்றுக்கொண்டேன். இப்போது அது எங்கள் வீட்டில் பால், தயிர் மாதிரிப் புழங்குகிறது.

ஸ்பெஷலிஸ்ட் சுற்றி வளைக்கவில்லை. "பிரஷர் ரொம்ப நாளா இருந்திருக்கு, யாரும் பாக்கலை. அதுக்கு மேல இந்த மாத்திரை. ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல போயிருச்சு. போனது வராது. மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்தணும்" என்றார். காப்பாற்ற முடியாவிட்டால் டயாலிசிஸ்.

உப்பு போயிற்று. மாவு விற்கிறவளுக்கு உப்பு போவது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? முன்பெல்லாம் கரைத்த மாவை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத்தான் பக்கெட்டை மூடுவேன். இப்போது தஸ்லீம் வந்தால் அவள் பார்க்கிறாள், இல்லாவிட்டால் கண்ணளவுதான். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. மே மாதத்தில் மோபெட்டை நிறுத்திவிட்டு, அடுத்தவர் செம்பைத் தூக்கிக் குடிப்பதைப் பார்க்கிற கொடுமை பகையாளிக்கும் வரக்கூடாது.

ஒருநாள் டாக்டர் வீட்டுக்கு வந்தார். முதல் தடவையாக. கையில் ஆப்பிள். எனக்கு எந்தப் பழம் ஆகும், எந்தப் பழம் ஆகாது என்று யோசித்து வாங்கியிருந்தார்.

"நேர்ல கூட்டிட்டு வாங்கன்னு பாய்கிட்ட சொல்ல எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சும்மா" என்றார். "நீங்க பாய் வீடு. உங்க வீட்டு லேடீஸ் வெளிய வர மாட்டாங்க, ஆம்பள டாக்டர்கிட்ட காட்ட மாட்டாங்க, கேட்டா பாய் தப்பா எடுத்துக்குவாரோன்னு... ஒரு மரியாதைக்குத்தான்..."

"டாக்டர், உங்க வீட்டுக்கு மாவு எங்கிருந்து வருது?"

"பாய் வீட்ல இருந்துதான்."

"யாரு கொண்டு வந்து குடுக்கறாங்க?"

"மோபெட்ல ஒரு அம்மா வருவாங்க. ஹெல்மெட் போட்டுக்கிட்டு." நிறுத்தினார். "வேலைக்கு வெச்சிருக்கிற ஆள்னு..."

பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் மூன்று ஊரையும் ஒருநாள் விடாமல் சுற்றுகிறவள் நான். டாக்டரின் கிளினிக் வாசலில் மோபெட்டை நிறுத்திவிட்டு எதிரே கடைக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். என் மாவில் சுட்ட இட்லியைத் தின்றுவிட்டு வந்துதான் டாக்டர் எனக்கு மாத்திரை எழுதினார். ஆனால் அவர் மனதில் நான் எங்கோ ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தத் திரையை எங்கள் வீட்டில் யாரும் மாட்டவில்லை. அவரே மாட்டி, அதற்கு அவரே மரியாதையும் கொடுத்திருக்கிறார்.

எனக்குச் சண்டை போட வரவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன்.

அவர் போனதும் தேவி அக்கா வந்தது. "நான் சொல்லல, டாக்டரும் டைலரும் ஒண்ணுன்னு?"

"அளவு குடுத்தா மாத்தக்கூடாதுன்னுதானே சொன்னே?"

"அளவு குட்த்தவளுக்குச் சொன்னேன்டீ! நீ எங்க அளவு குட்த்த? உம் புருசன் போயி 'இம்மாம் ஒயரம், இம்மாம் அகலம்'னு கையக் காட்டிட்டு வந்துகீறாரு. பேஜாரு புடிச்ச ஜென்மங்க."

இந்தச் சந்தில் என் பக்கம் பேசிய ஒரே குரல் அதுதான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இவர் இதைப் படிப்பார், படிக்கட்டும். டாக்டருக்கும் இவருக்கும் நடுவில் ஒன்றும் குறையவில்லை. முதல் சில வாரம் டாக்டர் ரோட்டைக் கடக்கவில்லை. இவர் தவித்துப்போய்விட்டார். "பாவம், மனசு ஒடிஞ்சுட்டார்" என்று இவரே போய்க் கூட்டி வந்தார். இப்போது பழையபடி ஒயர்க் கட்டு, ரெண்டு டீ. போனது என் கிட்னி. அவர்கள் சிநேகம் அப்படியே இருக்கிறது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வெளியே உட்காருங்க

"மாசாமாசம் பிரஷர் பாக்க, சளி காய்ச்சல்னா ஓட, பக்கத்துல ஒரு டாக்டர் வேணும். எல்லாத்துக்கும் இங்க வரமுடியாது" என்றார் ஸ்பெஷலிஸ்ட்.

"நம்ம டாக்டரே பாப்பார்" என்று வாயெடுத்த இவரை ஒரு பார்வை பார்த்தேன். அடங்கிவிட்டார்.

இந்தத் தடவை கைராசி பார்க்கவில்லை. மோபெட்டை எடுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரம் வரை போனேன். கண்ணில் பட்ட கிளினிக்குகளில் போய் உட்கார்ந்தேன். டோக்கன் எடுக்காமல், யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி. உள்ளே போகிறவர்களை விட்டுவிட்டு வெளியே வருகிறவர்களைத்தான் பார்த்தேன். ஓரிடத்தில் எல்லோரும் சீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். இன்னோரிடத்தில் சிரித்துக்கொண்டே வந்தார்கள், உள்ளே இருந்த டாக்டர் நல்ல பேச்சுக்காரர். எனக்குப் பயமாகிவிட்டது, எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியாக ரயில்வே கேட் பக்கம் ஒரு லேடி டாக்டர். அங்கிருந்து வந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அடுத்து வந்தவள், "ஒண்ணு விடாம நோண்டி நோண்டிக் கேக்குது, வக்கீலாட்டம்" என்று முணுமுணுத்தாள். இதுதான் என் இடம் என்று முடிவு பண்ணினேன்.

டோக்கன் எடுத்த அன்று இவரும் கூட வந்தார். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு, எல்லா ரிப்போர்ட்டையும் ஒரு பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவருக்கும் தூக்கம் போய் நாளாயிற்று. அது எனக்குத் தெரியும்.

உள்ளே போனோம். அந்த அம்மாவுக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். சிரிக்கவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. நாற்காலியைக் காட்டிவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

"அதாவது டாக்டர்," இவர் ஆரம்பித்தார், "இவங்களுக்கு முதல்ல கால்லதான்..."

"நீங்க யாரு?"

"ஹஸ்பெண்ட்."

"ரிப்போர்ட்டை இங்க வெச்சுட்டு வெளிய உக்காருங்க."

"இல்ல டாக்டர், இவங்களுக்குச் சொல்லத் தெரியாது. நான்தான் எப்பவும்..."

"அவங்களுக்குத் தெரியும். வெளிய உக்காருங்க சார்."

இவர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். பையை வைத்துவிட்டுப் போனார். கதவு தானாக மூடிக்கொண்டது.

அறையில் டெட்டால் வாசனை. ஏசி சத்தம். அந்த அம்மா ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். என் முகத்தை, கழுத்தை, கையை, காலை. டாக்டர் ஒருவர் என்னை அப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது.

"மொத மொதல்ல உங்களுக்கு என்ன ஆச்சு? எங்க ஆரம்பிச்சுது?"

எவ்வளவு சுலபமான கேள்வி! மூன்று ஊர்க் கதையையும் மூச்சுவிடாமல் பேசுகிறவள் நான். வாரா வாரம் உங்களிடம் இத்தனை பக்கம் பேசுகிறேன். என் கால், என் வீக்கம், என் மூச்சு. என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எந்த வருஷம், எந்தக் கால் முதலில், என்ன மாதிரி வலி, ஒன்றுமே கோவையாக வரவில்லை. யாராவது சொல்லிவிடுவார்கள் என்று எப்போதோ விட்டுவிட்டேன் போலிருக்கிறது. என்னை அறியாமல் தலை திரும்பியது. இவர் எழுந்து உள்ளே வருகிறாரா என்று மூடிய கதவைப் பார்த்தேன்.

"அங்க என்ன பாக்கறீங்க?" என்றார் அந்த அம்மா. "கால் உங்ககிட்டதானே இருக்கு?"